மின் ஓவனில் பட்டர் கேக்கின் மேற்புறம் கருகுகிறது, நடுப்பகுதி வேகவில்லை: உதவி தேவை

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் குடியிருக்கிறோம். மேசையில் வைத்துப் பாவிக்கும் 38 லீற்றர் மின் ஓவன் ஒன்றை மூன்று மாதங்களுக்கு முன் வாங்கினேன். அதில் ஐந்து தடவை பட்டர் கேக் செய்தும் ஒரு தடவைகூட ஒழுங்காக வரவில்லை. பட்டர், சீனி, கோதுமை மா ஒவ்வொன்றும் 250 கிராம், முட்டை ஐந்து என்று அம்மா செய்த அதே அளவில்தான் செய்கிறேன். குமிழை 180 பாகையில் வைத்து, சிவப்பு விளக்கு அணைந்தவுடன் நடுத்தட்டில் கேக்கை வைக்கிறேன். அரை மணித்தியாலத்துக்குள் மேற்புறம் கூம்பிப் பிளந்து கருகத் தொடங்குகிறது. ஆனால் நடுவில் ஈர்க்கைக் குத்தி எடுத்தால் பச்சை மா ஒட்டிக்கொண்டு வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குசினியில் இருப்பது பழைய சிறிய வட்டத்துளைப் பிளக் என்பதால், அடப்டர் போட்டு, நீள்வயர் ஒன்றின் வழியாக ஓவனை இணைத்திருக்கிறேன். மகளின் பிறந்தநாள் நெருங்குகிறது. மாவின் அளவையா, பேக்கிங் பவுடரையா மாற்ற வேண்டும்?

பதில் (கொட்டாஞ்சேனை)

தங்கச்சி, அம்மாவின் அளவில் கை வைக்காதீர்கள். அது சரியான அளவு. பிழை சூட்டில் இருக்கிறது. இவ்வகைச் சிறிய ஓவன்களில் குமிழ் காட்டும் பாகையும் உள்ளே இருக்கும் பாகையும் ஒன்றாக இருப்பது அரிது என்பதைப் பல வருடங்களாக ஓடருக்குக் கேக் செய்து அறிந்திருக்கிறேன். வெப்பமானி வாங்கும் வரை சீனியை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். சீனி ஏறத்தாழ 186 பாகையில்தான் உருகும். ஓவனை 175 பாகையில் இருபது நிமிடம் சூடாக்கி, அலுமினியத்தாளில் ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சீனியைப் பரப்பி, நடுவில் கால் மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். அது உருகினால் உங்கள் ஓவன் குமிழைவிடக் கூடுதலாகச் சுடுகிறது என்று அர்த்தம்.

சிவப்பு விளக்கு முதல்முறை அணையும்போது உள்ளே இருக்கும் காற்று மட்டுமே சூடேறியிருக்கும். சுவர்களும் தட்டும் இன்னும் ஆறித்தான் இருக்கும். அந்த நேரத்தில் கதவைத் திறந்து கேக்கை வைத்தால் சூடு இறங்கிவிடும், அதை ஈடுசெய்ய மேற்கம்பி நெடுநேரம் சிவந்து எரியும், அந்த நெருப்பு நேரே கேக்கின் தலையில் விழும். ஆகவே விளக்கு அணைந்த பிறகும் பதினைந்து நிமிடம் பொறுங்கள். தட்டை ஒரு படி கீழே இறக்குங்கள். ஓவனின் நடுவில் இருக்க வேண்டியது தட்டு அல்ல, கேக்கின் நடு உயரமே. கேக் ரின் கறுப்பு நிறமானதென்றால் சூட்டைக் கூடுதலாக இழுக்கும் என்பதையும் கவனியுங்கள்.

பதில் (தெகிவளை)

சகோதரி, கேக்கைப் பற்றி அக்கா சொல்லிவிட்டார். நான் வயரைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன விடயம் எனக்குப் பயத்தைத் தருகிறது. உங்கள் ஓவனின் பின்புறத் தகட்டில் எத்தனை வாட் என்று இருக்கிறது? பிளக் சூடாகிறதா?

கேள்வி கேட்டவர்

தகட்டில் 1600 வாட் என்று உள்ளது. அடப்டரைத் தொட்டால் கை பொறுக்காத அளவுக்குச் சூடு இருக்கிறது, ஓர் ஓரம் மஞ்சளாகியும் விட்டது.

பதில் (தெகிவளை)

அப்படியானால் இன்றே அதைக் கழற்றிவிடுங்கள். 1600 வாட்டை நமது 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 7 அம்பியர் வரும். அந்தச் சிறிய வட்டத்துளைப் பிளக்கோ 5 அம்பியருக்கானது. ஒரு மணித்தியாலம் தொடர்ந்து எரியும் ஓவனை அதில் மாட்டுவது தீப்பிடிக்க இடம் கொடுப்பதாகும். மெல்லிய நீள்வயரில் வோல்ட்டும் இழக்கப்படும்: பத்து வீதம் குறைந்தால் சூடாக்கும் வலு ஏறத்தாழ பத்தொன்பது வீதம் குறையும், அதாவது 1600 வாட் ஓவன் 1300 வாட் ஓவனாகிவிடும். கதவைத் திறந்து மூடினால் இறங்கிய சூடு மறுபடி ஏற நேரம் எடுப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு, பிரதான பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, 13 அம்பியர் சதுரத்துளைப் பிளக் ஒன்றைப் பொருத்துங்கள்.

கேள்வி கேட்டவர் (பத்து நாட்களின் பின்)

புதிய பிளக் பொருத்தியாயிற்று. சீனிச் சோதனையில் 175 பாகையிலேயே சீனி உருகி, ஓரங்கள் தேன் நிறமாகிவிட்டன. பிறகு ஓவன் வெப்பமானி ஒன்றை வாங்கித் தொங்கவிட்டேன்: குமிழ் 180 என்றிருக்கும்போது உள்ளே 195 முதல் 220 வரை ஏறி இறங்குகிறது. குமிழை 145 இல் வைத்தால் சராசரி 165 வருகிறது. நேற்று அப்படி வைத்து, தட்டையும் ஒரு படி இறக்கிச் சுட்டேன். ஐம்பத்தைந்து நிமிடத்தில் ஈர்க்கு சுத்தமாக வெளியே வந்தது. மேற்புறம் தட்டையாக, பொன்னிறமாக இருந்தது. அம்மா ஒரு துண்டைப் பிட்டு நுகர்ந்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். மிக்க நன்றி அக்கா, மிக்க நன்றி அண்ணா. பின்பக்கம் வலது மூலை மட்டும் சற்றுக் கூடுதலாகச் சிவந்துவிட்டது. அதோடு, நத்தாருக்கு லவ் கேக் செய்யவும் ஆசை. அதற்கும் இதே சூடுதானா?

பதில் (கொட்டாஞ்சேனை)

மூலை சிவப்பதற்கு, நாற்பது நிமிடம் கழிந்து கேக் இறுகிய பிறகு ரின்னை ஒருமுறை திருப்பி வையுங்கள். அதற்கு முன் திறந்தால் நடு இறங்கிவிடும். லவ் கேக்குக்கு இந்தச் சூடு கூடாது. ரவையும் கஜுவும் மெதுவாக வேக வேண்டியவை, ஆகவே வெப்பமானி 150 காட்டும்படி குமிழை வையுங்கள். ரின்னின் அடியிலும் சுற்றிலும் தாள்களை நாலைந்து மடிப்பாகப் போட்டு, அதன்மேல் பட்டர் பூசிய எண்ணெய்த்தாளை விரியுங்கள்; கீழ்க்கம்பி அருகில் இருக்கும் உங்கள் ஓவனில் அந்த மடிப்பு இல்லாவிட்டால் அடி பிடித்துவிடும். மேற்புறம் நிறம் பிடித்ததும் அலுமினியத்தாளால் தளர்வாக மூடுங்கள். இதற்கு ஈர்க்குச் சோதனை உதவாது, லவ் கேக்கின் உள்ளே ஈரம் இருக்கத்தான் வேண்டும். மேற்புறம் கையால் மெதுவாக அழுத்தும்போது இறுகியிருந்தால் எடுத்துவிடலாம்.