எந்த டொமைன் இன்னும் நம் சர்வருக்கு வருகிறது?

கேள்வி:
பழைய சர்வரில் 140 டொமைன் இருக்கிறது. பலர் சொல்லாமலே வேறு இடத்துக்கு மாறிவிட்டார்கள். எவை இன்னும் நம் ஐபிக்கு வருகின்றன என்று மொத்தமாகப் பார்க்க வழி உண்டா?

பதில் 1:
அப்பாச்சி (வெப் சர்வர் மென்பொருள்) கான்ஃபிக்கில் உள்ள சர்வர்நேம், சர்வர்அலியாஸ் (தளங்களின் பெயர்கள்) எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் எடுத்து, லூப்பில் டிக் (dig, டொமைனின் டிஎன்எஸ் விவரத்தைக் கேட்கும் கட்டளை) ஓட்டி, வரும் ஏ ரெக்கார்டை (டொமைனின் ஐபிவி4 முகவரி) உங்கள் ஐபியோடு ஒப்பிடுங்கள். ஏஏஏஏ ரெக்கார்டையும் (ஐபிவி6 முகவரி) பாருங்கள், ஐபிவி4 மாறியும் ஐபிவி6 பழைய இடத்திலேயே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் 2:
டிக்கை மட்டும் நம்பி எதையும் அழிக்காதீர்கள். கிளவுட்ஃப்ளேர் ப்ராக்ஸிக்குப் (நடுவில் நின்று கோரிக்கைகளை உங்கள் சர்வருக்கு அனுப்பும் சேவை) பின்னால் இருக்கும் டொமைன் அவர்களுடைய ஐபியைத்தான் காட்டும், ஆனால் தளம் உங்களிடமே ஓடிக்கொண்டிருக்கும். நான் ஒவ்வொரு தளத்தின் ரூட்டிலும் புதிதாக ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் வைத்து, வெளியிலிருந்து கர்லில் (curl, ஒரு வலை முகவரியில் இருப்பதை எடுத்துத் தரும் கட்டளை) எடுத்துப் பார்ப்பேன். உள்ளே எழுதிய சொல் அப்படியே திரும்பி வந்தால் அது நம் சர்வர்தான்.

கேட்டவர்:
செய்தேன். டிக்கில் 'போய்விட்டது' என்று வந்ததில் 9 டொமைன் ப்ராக்ஸி வழியாக இங்கேதான் வருகின்றன! நன்றி. மீதியை அழித்துவிடலாமா?

பதில் 1:
அதற்கு முன் எம்எக்ஸ் ரெக்கார்டைப் (டொமைனின் மெயில் எந்த சர்வருக்கு வரும் என்று சொல்வது) பாருங்கள். தளம் போயிருக்கும், மெயில் உங்களிடமே வந்துகொண்டிருக்கும்.