வெய்ஸ்-4, வெய்ஸ்-5 மதிப்பெண்களை எப்படி ஒப்பிடுவது?

மருத்துவ உளவியல் நண்பர்களுக்கு, பெரியவர்களுக்கான ஐ.க்யூ தேர்வான வெய்ஸை (WAIS) வைத்து எழுதும் ஒரு அறிக்கை பாதியில் நிற்கிறது.

நாற்பதுகளில் இருப்பவர். 2019-ல் வெய்ஸ்-4 செய்தபோது மொத்த ஐ.க்யூ 101. போன வருடம் தலையில் அடி. இப்போது வெய்ஸ்-5-ல் 93. கணக்கு வழக்கில் தடுமாறுகிறார், பேச்சின் நடுவே விட்ட இடம் மறந்துவிடுகிறது என்கிறார் மனைவி. ஆகவே சரிவு நிஜமாகவும் இருக்கலாம்.

ஆனால் நாலாம் பதிப்பு 2008-ல் வந்தது, ஐந்தாவது 2024-ல். மக்களின் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி உயர்கிறது என்ற ஃபிளின் விளைவுக் கணக்கைப் போட்டால், பழைய அளவீடே 5 புள்ளி வரை கூட்டிக் காட்டியிருக்கும். மிச்சம் 3. அது அளவைப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும்!

இன்டெக்ஸ் (திறன் பிரிவு) வாரியாகப் பார்த்தேன். பழைய பெர்செப்சுவல் ரீசனிங் (பார்த்துப் பகுத்தறிதல்) இப்போது விஷுவல் ஸ்பேஷியல் (உருவம், இடம் உணர்தல்), ஃப்ளூயிட் ரீசனிங் (புதிய சிக்கலைத் தீர்க்கும் பகுத்தறிவு) என இரண்டாகப் பிரிந்துவிட்டது. முன்பு 100; இப்போது 97, 88. எதை எதோடு வைப்பது? அப்புறம் துணைத் தேர்வுகளுக்குப் போனேன். பிளாக் டிசைன், மேட்ரிக்ஸ் ரீசனிங் இரண்டிலும் பெரிய மாற்றமில்லை. ஃப்ளூயிட் ரீசனிங்கைக் கீழே இழுத்தது ஃபிகர் வெயிட்ஸ் (தராசுப் படத்தைச் சமன்செய்யும் தேர்வு). அதை 2019-ல் செய்யவே இல்லை, அப்போது அது கூடுதல் தேர்வுதான். டிஜிட் ஸ்பேனும் (எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் தேர்வு) இப்போது தனித்தனித் தேர்வுகளாகிவிட்டது. பழைய பதிப்பையே மறுபடி வைக்கலாம் என்றார் ஒரு சீனியர். காலாவதியான நார்ம்ஸில் (ஒப்பிடப் பயன்படும் மக்கள் சராசரிகளில்) அறிக்கை தர எனக்கு மனம் ஒப்பவில்லை.

இப்படிப் பதிப்பு மாறிய மறுபரிசோதனையில், அந்த 8 புள்ளி வித்தியாசத்தை அறிக்கையில் நீங்கள் எப்படி எழுதுவீர்கள்?