மறு: வளைவில் கண் ஒரே இடத்தில் நின்றுவிடுவதற்குச் சொல் – ‘உறைபார்வை’ முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் ஒருசேரப் படித்தேன். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரின் கண் ஒன்றிலேயே நின்றுவிட, வண்டியும் அதை நோக்கியே போவதை ஆங்கிலத்தில் ‘டார்கெட் ஃபிக்சேஷன்’ (target fixation) என்கிறார்கள். அதற்குத் தமிழில் இலக்கு நிலைப்பு, தடைநோக்கு, கண்பூட்டு, நிலைகுத்தல், பார்வையொட்டல் என ஐந்து சொற்கள் களத்தில் இருக்கின்றன. நான் ஆறாவதாக ஒன்றைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன், எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதில் நமக்குள் தெளிவு வேண்டும். இரண்டு மடல்கள் வேறு எதையோ நினைத்து எழுதப்பட்டவை போல இருந்தன.

நடப்பது இதுதான். வண்டி வளைவுக்குள் நுழைந்துவிட்டது. வளைவு எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக இருக்கிறது, அல்லது பாதியில் மணல் கிடக்கிறது. ஓட்டுகிறவரின் கண் வெளி ஓரத்துத் தடுப்புக் கம்பிக்கோ எதிரே வரும் லாரிக்கோ போகிறது. போனது திரும்பி வரவில்லை. கண்ணோடு தலையும் அந்தப் பக்கமே நிற்கிறது, கைகள் விறைத்துக்கொள்கின்றன. வண்டி அவர் பார்த்த இடத்துக்கே போய்ச் சேருகிறது. சாலையில் ஒரே ஒரு குழி இருக்கும், சுற்றிலும் தாராளமாக இடம் இருக்கும். சக்கரம் சரியாக அந்தக் குழியில் இறங்கும். அதுவும் இதே கூத்துதான், வேகம் குறைவு என்பதால் உயிரோடு விளையாடவில்லை, அவ்வளவே.

> இதற்கெல்லாம் தனிச்சொல் தேவையா? ‘அதிவேகம்’ என்றால் எல்லாருக்கும் புரியுமே.

தேவை என்று உறுதியாக நினைக்கிறேன். ஓட்டுநர்கள் தங்கள் ஹெல்மெட் கேமராவில் பதிவான விபத்துக் காட்சிகளை மற்றவர்கள் பாடம் படிக்கட்டும் என்று வெளியிடுகிறார்கள். வலியோடும் கூச்சத்தோடும் செய்கிற பெரிய உதவி அது. கீழே வரும் கருத்துகளில் பத்துக்கு எட்டு ‘வேகம் அதிகம்’ என்று முடிந்துவிடும். அந்தக் காட்சியை இன்னொரு முறை, ஓட்டுகிறவரின் தலை எங்கே திரும்புகிறது என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். ஹெல்மெட்டில் பொருத்திய கேமரா தலை போகும் பக்கம்தான் போகும். வளைவு ஒரு பக்கம் போகிறது. படச்சட்டத்தின் நடுவிலோ தடுப்புக் கம்பி அசையாமல் நின்று பெரிதாகிக்கொண்டே வருகிறது. வண்டி பெரும்பாலும் அவ்வளவாகச் சாய்ந்திருக்கவும் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 60 கி.மீ. வேகத்தில் எடுக்கச் சுமார் 30 பாகை சாய்வு வேண்டும். 50 கி.மீ. என்றால் சுமார் 21 பாகை. 70 என்றால் சுமார் 38. வேகத்தின் இருமடி விளைவைக் காட்டும் எண்கள் இவை, வேகம் முக்கியமில்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் உலர்ந்த நல்ல தார்ச்சாலையில், நல்ல டயரோடு, 30 பாகை என்பது வண்டியால் முடியாத காரியம் இல்லை. 15 பாகை சாய்வோடு வெளியே போய் விழுந்தவருக்கு வண்டியிடம் இன்னும் பாதி பாக்கி இருந்தது. அதை அவர் கேட்கவே இல்லை. ‘வேகம் அதிகம்’ என்ற தீர்ப்பில் இந்தப் பாதி காணாமல் போய்விடுகிறது. அடுத்தவர் அந்த விபத்திலிருந்து கற்றிருக்க வேண்டியதும் இதைத்தான்.

விழுந்தவர்களின் சொந்த வாக்குமூலமும் இங்கே முழுதாக உதவாது. ‘வண்டி திரும்பவே இல்லை’ என்பார்கள்; மனதறிந்து சொல்லும் பொய் இல்லை அது. இரு சக்கர வண்டி வேகத்தில் இடப்பக்கம் திரும்ப, இடக் கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். கைப்பிடி ஒரு கணம் எதிர்ப்பக்கம் போகும், வண்டி இடப்பக்கம் சாயும். எல்லாரும் செய்கிறோம், செய்வது தெரியாமலே செய்கிறோம். விமானம் படைத்த வில்பர் ரைட் சைக்கிளும் விற்றவர். இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டுகிற பலரைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்; முதல் கேள்வியிலேயே சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அறியாமல் செய்வதை, கை விறைத்த நேரத்தில் செய்யாமல் விட்டதும் தெரியாது. அதனால் வண்டி திரும்பவில்லை என்றுதான் நினைவில் நிற்கும். பெயர் இருந்தால், பார்க்கிறவராவது ‘இங்கே, இந்த நொடியில், கண் நின்றுவிட்டது’ என்று சுட்ட முடியும்.

நொடி என்றதும் இன்னொன்று. ஹாரி ஹர்ட் தலைமையில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டது. வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டுக்கு ஓட்டுநரின் தவறே காரணம். அளவுக்கு மீறி பிரேக் பிடித்துச் சறுக்குவது, வேகம் மிகுந்தோ போதிய அளவு திருப்பாமலோ வளைவில் வெளியே போவது என்று அந்த அறிக்கை சொல்கிறது. ‘போதிய அளவு திருப்பாமல்’ என்று அவர்கள் தனியாகக் குறித்ததைக் கவனியுங்கள். பொதுவாக விபத்தைத் தவிர்க்க ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் 2 நொடிக்கும் சற்றுக் குறைவு என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் 2 நொடி என்பது 33 மீட்டர். அந்த 33 மீட்டரும் கம்பியைப் பார்த்தபடியே கழிந்தால் என்ன மிஞ்சும்?

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

> மூலத்தில் ‘இலக்கு’ இருக்கிறது. அதை விட்டுவிட்டால் கலைச்சொல்லாக நிற்குமா?

ஆங்கில மூலத்தில் இலக்கு (target) வந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் தரைத் தாக்குதலுக்குத் தாழப் பறந்த விமானிகள், சுட வேண்டிய இலக்கிலேயே கண்ணை வைத்து, மேலெழ மறந்து அதிலேயே மோதியதைச் சொல்ல வந்த பேச்சு அது. அங்கே இலக்கு நிஜமாகவே இலக்கு. மோட்டார் சைக்கிள்காரர் தடுப்புக் கம்பியைக் குறிவைக்கவில்லை. அதிலிருந்து தப்பத்தான் தவிக்கிறார். தமிழில் இலக்கு என்றால் நாம் எட்ட விரும்புவது. ‘இலக்கில் பார்வை நிலைத்தல்’ என்று பயிற்சியில் சொன்னால் கேட்பவர் அதை நல்ல பண்பு என்று குறித்துக்கொள்வார். இங்கே அப்படிப் புரிவது ஆளைக் கொல்லும்.

தடைநோக்கு இந்தக் கோளாறு இல்லாதது. எனக்கும் முதலில் பிடித்தது. கூட்டமாக ஓட்டும்போது நடக்கிற ஒன்றைச் சொல்ல முடியாததால் அதை விட்டேன். பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு வளைவுக்குள் வருகிறார். முன்னவர் தடம் தவறி வெளியே போகிறார். சரியான வேகத்தில், சரியான தடத்தில் இருந்த பின்னவரும் அவர் பின்னாலேயே வெளியே போகிறார். முன்னால் விழுந்து கிடப்பவரை நோக்கியே பின்னால் வருகிறவரும் போய் விழுவது இதன் இன்னொரு முகம். அந்தப் பின்விளக்கு தடை இல்லை, வழிகாட்டி. கண் எதில் நின்றது என்பதைவிட, நின்றது என்பதே சிக்கல். சொல்லும் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

பிறர் தவறிலிருந்து கற்பதிலேயே இந்தப் பொறி இருப்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முன்னவர் தடுமாறினால் அவரைப் பார்த்து வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் அவர் மேலேயே கண்ணை விட்டுவிடக் கூடாது. அவரைத் தாண்டி, சாலையின் இரண்டு விளிம்புகளும் கூடுவதாகத் தெரியும் இடத்துக்குப் பார்வை போக வேண்டும். அந்த இடம் நம்மை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது. விலகி ஓடினால் விரிகிறது. கொண்டை ஊசி வளைவில் அதற்குத் தலையைத் தோள் வரை திருப்ப வேண்டியிருக்கும்.

> கண்பூட்டு கவித்துவமாக இருக்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது.

இரண்டும் உண்மை. ஆனால் ‘கண் பூட்டிக்கொண்டது’ என்று வினையாக்கினால் கண்ணை மூடிக்கொண்டதாகத்தான் கேட்கும். கண்கட்டு வித்தையும் நினைவுக்கு வரும். நிலைகுத்தலை வேறு காரணத்துக்காக விடுகிறேன்: கண் நிலைகுத்தியது என்று நாம் சொல்வது உயிர் பிரியும் நேரத்தில். பிழைத்து வந்தவர் தன்னைப் பற்றி அதைச் சொல்ல மாட்டார். தன் தவறைத் தானே சொல்லக் கூசாத சொல்தான் நமக்கு வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காணொளிகளே வராது.

பார்வையொட்டலில் பேச்சு மணம் இருக்கிறது. ‘பார்வை அங்கேயே ஒட்டிக்கிச்சு’ என்று யாரும் சொல்லலாம். அதை முன்மொழிந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி. பார்வையை ஓட்டுவது என்றால் நாலா பக்கமும் பார்ப்பது. ஒகரம் ஓகாரமானால் போதும், சொல் நேர் எதிர்ப் பொருளுக்குத் தாவிவிடும். தட்டச்சில் இந்தப் பிழை அன்றாடம் நடக்கிறது. பாதுகாப்புப் பாடத்தில் ஒரு கொம்பை நம்பிப் பொருளை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த மடல்தான் எனக்கு வழி காட்டியது. ஓடும் பார்வை நல்லது என்றால், ஓடாத பார்வைக்கு என்ன வினை? உறைதல். ‘அப்படியே உறைஞ்சு போயிட்டேன்’ என்று அதிர்ந்த கணத்தைத் தமிழர் சொல்வது வழக்கம். உறைதலுக்குத் தங்குதல் என்ற பழைய பொருளும் உண்டு. அதுவும் இங்கே பொருந்துகிறது. வினைத்தொகையாக உறைபார்வை, அதற்கு இணையாக ஓடுபார்வை. வினையாக ‘பார்வை உறைந்தது’, ஏவலாக ‘பார்வையை ஓட்டு’. நோயும் மருந்தும் ஒரே அச்சில் வருவது பயிற்சியாளருக்கு வசதி. ‘உன் பார்வை உறையுது, ஓட்டு’ என்று பின்னால் வருகிறவர் ஹெல்மெட் ஒலிவாங்கியில் சொல்ல அரை நொடி ஆகாது.

சொற்கோவைக்கு நான் எழுதிப் பார்த்த பதிவு:

உறைபார்வை: ஓட்டுகையில் பார்வை ஒரு பொருளிலோ இடத்திலோ ஆளிலோ நின்று நகராமல் போதல், அதனால் கை விறைத்து, வண்டி அதை நோக்கியே செல்லுதல். எ.டு.: ‘வளைவில் வேகம் சரியாகத்தான் இருந்தது, முன்வண்டி மேல் பார்வை உறைந்ததால் வெளியே போனார்.’

‘கை விறைத்து’ என்பதை வரையறைக்குள் வைக்கலாமா, விளக்கக் குறிப்பில் விடலாமா என்று ஐயம் இருக்கிறது. விறைப்பு விளைவுதான், எல்லா நேரமும் வருவதும் இல்லை. நடு வளைவில் முன் பிரேக்கைச் சட்டெனப் பிடித்துவிடுவதும் இதே அதிர்ச்சியின் இன்னொரு விளைவு. அப்போது வண்டி நிமிர்ந்து, வளைவை விட்டு வெளியே கிளம்பும், அல்லது முன் சக்கரம் சறுக்கும். அதையும் சேர்த்தால் பதிவு நீண்டுவிடும். பயிற்சி தருகிறவர்கள் யாராவது இதில் கருத்துச் சொன்னால் நல்லது.

வளைவில் வெளியே போய்விடுவதற்கு வந்த ‘அகலப்போதல்’ எனக்கு ஒட்டவில்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ‘வாங்குது’ என்று பட்டறையில் சொல்கிறோமே, அந்த வினையிலிருந்து ‘வெளிவாங்கல்’ என்று ஆக்கலாமா? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே உறைபார்வையை முடித்துவிடுவோம். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், முடிந்தால் நீங்கள் பார்த்த விபத்துக் காட்சி ஒன்றை அந்தச் சொல்லை வைத்து இரண்டு வரியில் விவரித்து. சொல் தாங்குகிறதா என்பது அதில்தான் தெரியும்.

அன்புடன்