வகுப்பறையில் இணைய வினாடி வினா: வேகம் சிந்தனையை விழுங்காமல் நடத்துவது எப்படி?

வினா: அறிவியல் ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பத்தாம் வகுப்புக்குக் கஹூட் என்ற இணைய வினாடி வினா விளையாட்டை நடத்தி வருகிறேன். ‘இயக்க விதிகள்’ பாடம் என்றாலே ஒதுங்கும் பிள்ளைகள்கூட அப்போது நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆனால் சரியான விடையை விரைந்து தருபவருக்கே கூடுதல் புள்ளி கிடைப்பதால், நிதானமாக யோசிப்பவர்கள் தரவரிசையில் பின்தங்கி, சற்று நேரத்திலேயே வினாவைப் படிக்காமல், விடைகளைக் குறிக்கும் நிறங்களில் ஏதோ ஒன்றைச் சொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எங்களிடம் கணினிகளும் குறைவு. மாணவர்கள் கைப்பேசி கொண்டுவர அனுமதியில்லை. அனுபவமுள்ளோர் வழி கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கணித ஆசிரியர்
அம்மா, கஹூட்டில் ஒரு வினாவுக்கான நேரத்தை 240 விநாடி வரை நீட்டிக்கலாம். ஒரு குழுவுக்கு ஒரு கணினி போதுமான குழு முறையும் அதில் உண்டு. விடைகள் திறக்கும் முன் கலந்து பேசச் சில விநாடிகள் கிடைக்கும். குவிசிஸ் என்ற மற்றொரு வினாடி வினாத் தளம் (2025 முதல் அதன் பெயர் வேகிரவுண்ட்) ஒவ்வொருவரும் தம் வேகத்தில் விடையளிக்க இடம் தருகிறது.

மறுமொழி 2: இயற்பியல் முதுகலை ஆசிரியர்
மாணவரிடம் கைப்பேசி இல்லாத வகுப்புக்குப் பிளிக்கர்ஸ் என்ற செயலி மிகவும் ஏற்றது. மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறி அச்சிட்ட காகித அட்டை ஒன்று தரப்படும். அதன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே அவருடைய விடை. ஆசிரியர் தம் கைப்பேசிக் கேமராவால் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும். குறிகள் வெவ்வேறாக இருப்பதால் அடுத்தவர் அட்டையைப் பார்த்து எழுத வழியில்லை. புள்ளியும் இல்லை, அவசரமும் இல்லை.

இருப்பினும், எந்தச் செயலி என்பதைவிட எந்த வினா என்பதே முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன். ‘மேல்நோக்கி எறிந்த கல் உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். திசைவேகம் சுழியாவதால் முடுக்கமும் சுழியே என்று பலர் எண்ணுவார்கள். அங்கேதான் நிறுத்த வேண்டும். விடையை வெளியிடாமல், பக்கத்தில் இருப்பவரிடம் தம் காரணத்தை விளக்கச் சொல்லி, பிறகு மீண்டும் அட்டையை உயர்த்தச் செய்யுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கம் முதல் கையாண்டு பரப்பிய முறை இது. புவியீர்ப்பு உச்சியிலும் ஓய்வதில்லை, முடுக்கம் அங்கும் கீழ்நோக்கி 9.8 மீ/வி² தான் என்பதை ஆசிரியர் சொல்லிக் கேட்பதைவிட, வாதாடிக் கண்டடையும்போது அது ஆழமாகப் பதிகிறது.

வினா எழுப்பியவர்
மிக்க நன்றி ஐயா. முதல் சுற்றில் எத்தனை பேர் எந்த விடையைத் தேர்ந்தனர் என்ற வரைபடத்தை மாணவர்களுக்குக் காட்டலாமா?

மறுமொழி 2-இன் ஆசிரியர்
காட்ட வேண்டாம், அம்மா. பெரும்பான்மை எதுவெனத் தெரிந்தால் காரணம் தேடாமல் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுவார்கள். முதல் சுற்று முடிவைத் தாங்கள் மட்டும் பாருங்கள். ஏறத்தாழ எல்லோரும் சரியாகச் சொல்லியிருந்தால் அடுத்த வினாவுக்குச் செல்லலாம், மிகச் சிலரே சரியெனில் பாடத்தை மீண்டும் விளக்குவதே நல்லது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும்போதுதான் உரையாடலுக்கு நேரம் ஒதுக்குங்கள்.