டிராக்டரில் பொருத்தும் டிராக்கருக்குத் தமிழ்ச்சொல் என்ன? – கலைச்சொல் குழு மடல்கள்

ஆத்தூரிலிருந்து:

அன்புடையீர், வணக்கம்.

டிராக்டர், பவர் டில்லர், ஜெனரேட்டர், பம்ப்செட் ஆகியவற்றைத் திருட்டிலிருந்து காப்பது பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தலைவாசல், கெங்கவல்லி, வாழப்பாடி வட்டார உழவர்களுக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். வண்டியில் மறைத்துப் பொருத்தி, அது நிற்கும் இடத்தை உரியவரின் கைப்பேசிக்கு அனுப்பும் கருவிக்கு என்ன பெயர் இடுவது என்பதில் வேலை நின்றுவிட்டது. ‘டிராக்கர்’ என்றே எழுதிப் பார்த்தேன். ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பதால் மெய்ப்புப் பார்த்தவர் அதைப் பிழையென்று கருதித் திருத்திவிட்டார்; ‘திருடர் டிராக்டரைக் கழற்றி வீசிவிட்டால் என்ன செய்வது?’ என்று ஒரு தலைப்பே உருவாகிவிட்டது. ஊரில் எல்லாரும் ‘ஜி.பி.எஸ்.’ என்கிறார்கள். ஆனால் ஜி.பி.எஸ். வேறு, இந்தக் கருவி வேறு என்பதை விளக்குவதற்காகவே கையேட்டில் ஒரு பகுதி இருக்கிறது.

தடங்காட்டி, தடமறி கருவி, கண்காணிப்பான் ஆகிய மூன்றும் என் கைவசம் உள்ளன. டிராக்டருக்கு மாற்றுச்சொல் தேடும் பழைய விவாதத்தை இப்போது யாரும் திறக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

அம்மா, மூன்றும் பெயர்ப்புச் சொற்களே. களவுபோன உடைமையை மீட்பதற்குத் தமிழில் ஒரு திணையே இருக்கும்போது நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்? பகைவர் ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவர்ந்ததை மீட்பது கரந்தை. மீட்டலைத் தொல்காப்பியர் வெட்சிக்குள்ளேயே அடக்கினார்; புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித்திணையாகக் கொள்கிறது. ஆநிரை மீட்டு மாண்டவர்களுக்கு எழுப்பிய நடுகற்கள் நம் அண்டை மாவட்டமான தருமபுரியில் இன்றும் நிற்கின்றன. இக்காலத்து உழவருக்கு டிராக்டர்தான் ஆநிரை. ஆகவே அக்கருவியைக் ‘கரந்தை’ என்றே அழைக்கலாம் என்பது என் துணிபு.

சொல்லின் வேரையும் நோக்குங்கள். கரத்தல் என்பது மறைத்தல். கரந்திருப்பது கரந்தை. இக்கருவியும் வண்டிக்குள் கரந்திருந்தே பணிபுரிகிறது. பொருளும் வேரும் இவ்வளவு இசைந்து வருவது அரிது.

ஏற்காட்டிலிருந்து:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். கரந்தை என்பது முதலில் ஒரு பூவின் பெயர். மீட்கச் சென்ற மறவர் அதைச் சூடியதால்தான் திணைக்கு அப்பெயர் வந்தது. கொட்டைக்கரந்தை இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. கரத்தல் என்னும் வேரைத் தாங்கள் கருவியைப் பார்த்த பிறகு கண்டெடுத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. மேலும், கரந்தை என்றால் பலருக்குத் தஞ்சையும் 1911இல் அங்கே தொடங்கிய தமிழ்ச் சங்கமும்தான் நினைவுக்கு வரும்.

கண்காணிப்பான் என்பதையும் விட்டுவிடுங்கள். நான் காப்பித் தோட்டத்தில் பணிபுரிகிறேன். கண்காணி என்ற சொல் கங்காணியாகத் திரிந்து மலைத்தோட்டங்களில் என்ன பொருள் பெற்றது என்பது தாங்கள் அறிந்ததே. சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோனவர் கங்காணி. கடன்கணக்கு எழுதியவரும் அவரே. களைவெட்டி எந்திரத்தில் ‘கண்காணிப்பான்’ பொருத்தியிருக்கிறோம் என்று சொன்னால், அதை முதுகில் சுமந்து வேலை செய்பவர் தம்மைத்தான் கண்காணிக்கிறார்கள் என்று எண்ணுவார். அவர் அப்படி எண்ணுவதில் தவறும் இருக்காது.

வாழப்பாடியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நான் புலவன் அல்லன், டிராக்டர் வைத்திருப்பவன். தடங்காட்டி என்ற சொல்லைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தடம் என்றால் வழி. ‘இந்தத் தடம் எங்கே போகிறது?’ என்றுதான் கேட்போம். தடங்காட்டி என்று எழுதினால், வழி தெரியாத ஓட்டுநருக்கு வழி காட்டும் பெட்டி என்று நினைப்பார்கள். டிராக்டர் திருடுபவனுக்கு நாம் வழி காட்ட வேண்டியதில்லை. அந்தக் கருவி செய்வது ஒன்றே. வண்டி இருக்கும் இடத்தைச் சொல்கிறது.

சூரமங்கலத்திலிருந்து:

வண்டிகளுக்கு மின்வேலை செய்பவன் என்ற முறையில், சொல்லைத் தேர்வதற்கு முன் பொருளைத் தெளிவாக்க விரும்புகிறேன். கருவி வாங்க வருபவர்களில் பெரும்பாலோர், செயற்கைக்கோள் மேலே இருந்துகொண்டு தம் டிராக்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று நம்புகிறார்கள். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்களுக்கு உங்கள் டிராக்டர் இருப்பதே தெரியாது. அவை தம் நேரத்தையும் தம் இருப்பையும் ஒலிபரப்பிக்கொண்டு போகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் குறிப்புகளைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்பதைக் கருவியே கணக்கிட்டுக்கொள்கிறது. நம் நாட்டின் இடமறி அமைப்பான நாவிக்கின் கோள்களுக்கும் முறை இதுவே. இது கருவியின் ஒரு பாதி.

மறுபாதி சிம் அட்டை. கணக்கிட்ட இடத்தைக் கைப்பேசிக் கோபுரத்தின் வழியே அனுப்பினால்தான் உங்களுக்குச் செய்தி வரும். திருட்டு நடக்கும்போது பெரும்பாலும் ஏமாற்றுவது இந்தப் பாதிதான். ரீசார்ஜ் முடிந்திருந்தால் வாய் அடைத்துவிடும். சேர்வராயன் மலையின் பள்ளங்களில் சிக்னல் கிடைக்காதபோது, நல்ல கருவி செய்தியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்தபின் அனுப்பும். மலிவானது அதையும் செய்யாது. டிராக்டரின் பேட்டரி பெரும்பாலும் எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால், திருடர் முதலில் அதன் கம்பியைப் பிடுங்குவார். உள்ளே தனிச் சிறு பேட்டரி உள்ள கருவிதான் அப்போது ‘மின்சாரம் அறுந்தது’ என்று எச்சரிக்கை அனுப்பும். கருவியை இரும்புத் தகட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தால் வானத்துக் குறிப்புகளே அதன் காதில் விழா. ஆகவே இடத்தை அறிய உதவுவது ஜி.பி.எஸ்.; அறிந்ததைச் சொல்வது இந்தக் கருவி. இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும். புவியிடங்காட்டி என்ற சொல் ஜி.பி.எஸ்.ஸுக்கு ஏற்கெனவே வழங்குவதால், மற்றொரு ‘காட்டி’ வேண்டாம் என்பது என் கருத்து.

ஏற்காட்டிலிருந்து:

வாழப்பாடியார் வாக்கிலேயே சொல் பிறந்துவிட்டது. இடம் என்பதோடு சொல்லி சேர்ந்தால் இடஞ்சொல்லி. மண்வெட்டி, பாக்குவெட்டி ஆகியவற்றில் இகர விகுதி கருவிப்பொருளில் வருவதுபோல இங்கும் வந்திருக்கிறது.

அம்மாப்பேட்டையிலிருந்து:

வெட்டுவது கருவியின் தொழில். சொல்லுவது மாந்தரின் தொழில். கதைசொல்லி, குறிசொல்லி என்னும் சொற்களில் விகுதி வினைமுதலை, அதாவது செய்பவரை, சுட்டுகிறது. அஃறிணைப் பெட்டி ஒன்று எவ்வாறு ‘சொல்லும்’? சொல்லை எளிமைப்படுத்துகிறோம் என்று கருதி இலக்கணத்தைக் கைவிட்டுவிடக் கூடாது. 1916ஆம் ஆண்டு இராசாசியும் நண்பர்களும் அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் படைக்கவென்று ஒரு சங்கம் கண்டது இதே சேலத்தில்தான். அவர்களின் வடமொழிச் சாய்வை நான் ஏற்பதில்லை. ஆயினும் சொல்லாக்கத்துக்கு நெறி வேண்டும் என்ற கொள்கையை ஏற்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து:

நெறியைத் தொல்காப்பியத்திலிருந்தே தருகிறேன், ஐயா. எச்சவியலில் ‘வாரா மரபின வரக்கூ றுதலும் என்னா மரபின எனக்கூ றுதலும்’ என்று வருகிறது. பேசாத பொருள்களைப் பேசுவனவாகச் சொல்லுதல் அப்பொருளின் இயல்பை உணர்த்தும் குறிப்பு என அந்த நூற்பா இலக்கண அமைதி கூறுகிறது. அதுவும் வேண்டாம் என்றால் வீட்டுச் சுவரைப் பாருங்கள். பல்லி சொல்லுகிறது, நாமும் பலன் பார்க்கிறோம். சுவரில் ஒட்டியிருக்கும் பல்லி சொல்லலாம் என்றால், மட்கார்டுக்குள் ஒட்டியிருக்கும் பெட்டியும் சொல்லலாம்.

(‘பழையன கழிதலும்’ என்ற நன்னூல் நூற்பாவை இம்முறை யாரும் மேற்கோள் காட்டவில்லை என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். அதைத் தொடங்கினால் கையேடு அடுத்த பட்டத்துக்குத்தான் வெளிவரும்.)

ஆத்தூரிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. துணைக் கேள்விகள் இரண்டு. வரைபடத்தில் ஓர் எல்லை குறித்துவிட்டால், வண்டி அதைத் தாண்டியதும் எச்சரிக்கை வருகிறது. அந்த எல்லைக்குப் ‘புவிவேலி’ என எழுதியுள்ளேன். கைப்பேசியிலிருந்தே வண்டியைக் கிளம்பவிடாமல் செய்யும் அமைப்பை ‘முடக்கி’ என எழுதியுள்ளேன். இவை சரிதானா?

ஏற்காட்டிலிருந்து:

புவிவேலி மலையில் குழப்பம் தரும். காட்டுமாடு வராமல் இருக்கச் சூரிய மின்வேலி போடும் ஊர் இது. வேலி என்றவுடன் ‘ஷாக் அடிக்குமா?’ என்றுதான் கேட்பார்கள். பட்டியை விட்டு ஆடு வெளியேறினால் தெரிய வேண்டும் என்பதே கருத்து என்பதால், ‘பட்டியெல்லை’ பொருந்தலாம்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

ஆநிரையை நான் கொண்டுவந்தபோது மறுத்தவர்கள் இப்போது பட்டியைக் கொண்டுவருகிறார்கள்.

சூரமங்கலத்திலிருந்து:

முடக்கி என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது இல்லாத ஆற்றலை இருப்பதாகக் காட்டுகிறது. பழைய டீசல் டிராக்டர்கள் பலவற்றில் சாவியைத் திருப்பி அணைத்தாலும் என்ஜின் நிற்பதில்லை. நிறுத்துகம்பியை இழுத்து டீசலை அடைத்தால்தான் நிற்கும். அத்தகைய வண்டியில் நாங்கள் பொருத்தும் ரிலே என்னும் மின்விசை, செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மட்டுமே துண்டிக்கிறது. ஓடும் வண்டியை அது நிறுத்தாது. சரிவில் உருட்டிக் கியரில் விட்டுக் கிளப்புபவரையும் தடுக்காது. டீசலை அடைக்கும் அமைப்பு உள்ள வண்டியிலும், ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்துவது ஆபத்து. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் பாரத்தோடு ஏறும் வண்டி திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ‘கிளப்பத் தடை’ என்று எழுதுங்கள். அழகு குறைவுதான், பொய் இல்லை.

வாழப்பாடியிலிருந்து:

கிளப்பத் தடை எங்களுக்கு உடனே விளங்குகிறது. இடஞ்சொல்லியும் விளங்குகிறது. பட்டியெல்லையை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

ஆத்தூரிலிருந்து:

இன்று மாலைக்குள் பக்கங்களை அனுப்ப வேண்டியிருப்பதால், பெரும்பாலோர் கருத்தை ஒட்டி எழுதிவிடுகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘ஜி.பி.எஸ். இடஞ்சொல்லி’, பிறகு எங்கும் ‘இடஞ்சொல்லி’. முடக்கியை நீக்கிக் ‘கிளப்பத் தடை’ ஆக்கிவிட்டேன். புவிவேலி, பட்டியெல்லை இரண்டிலும் கருத்து ஒன்றுபடாததால், ‘குறித்த எல்லையைத் தாண்டினால்’ என்று வாக்கியமாகவே எழுதுகிறேன். சிம் அட்டைக்கு ரீசார்ஜ் செய்யும் நாளை எழுதி வைக்க, பின் அட்டையில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

எச்சவியல் நூற்பாவை மறுக்க இயலவில்லை. ஆயினும் இடஞ்சொல்லிக்கு நான் உடன்பட்டதாகக் குழுவின் தொகுப்பில் பதிய வேண்டாம். கரந்தை என்ற முன்மொழிவை மாற்றுச்சொல் வரிசையிலாவது சேர்க்கக் கோருகிறேன். பவர் டில்லருக்கான சொல் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன்.

சூரமங்கலத்திலிருந்து:

கையேட்டின் படிகள் சிலவற்றை என் கடைக்கு அனுப்புங்கள். வாங்க வருபவர்களுக்குக் கொடுக்கிறேன். பில்லில் மட்டும் ஜி.பி.எஸ். என்றுதான் எழுதுவேன், மன்னிக்கவும்.