தரங்கம்பாடில ஒரு ராத்திரி தங்கணும், போனவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, அடுத்த மாசம் எங்க 25வது கல்யாண நாள், நானும் வீட்டுக்காரியும் மட்டும் தரங்கம்பாடி போய் ஒரு ராத்திரி தங்கலாம்னு இருக்கோம். மூணு வருஷம் முன்னாடி காரைக்கால் போற வழியில ஒரு மணி நேரம் இறங்கினோம், 1620ல டேனிஷ்காரங்க கட்டின அந்த கோட்டை மதில்ல சாய்ஞ்சு நின்னு கடலையே பாத்துட்டு இருந்தா, சேலை கொசுவம் பூரா மணல், கிளம்ப மனசே இல்ல அவளுக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நான்தான் இழுத்துட்டு வந்தேன், அது இன்னிக்கும் மனசுல உறுத்துது.

இந்த தடவை விடியக்காலைல சூரியன் உதிக்கறத அங்க உக்காந்து பாக்கணும், அப்புறம் மாசிலாமணிநாதர் கோயில், கடல் பாதிய கொண்டு போயும் மிச்சம் நிக்குதே அது, அங்க ஒரு விளக்கு போடணும்னு சொல்லிட்டு இருக்கா.

சென்னைல இருந்து மயிலாடுதுறை வரைக்கும் ட்ரெயின், அங்கிருந்து பஸ்ஸா ஆட்டோவா எது வசதி? அவளுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது, அதனால கீழ்தளத்துல கடல் சத்தம் கேக்கற மாதிரி ரூம் எங்க கிடைக்கும், ரெண்டு பேருக்கு 3000 ரூபாய்க்குள்ள இருந்தா நல்லது. ராத்திரி சாப்பாடு ஊருக்குள்ளயே கிடைக்குமா இல்ல பொறையார் போகணுமா? கோட்டை மியூசியம் வெள்ளிக்கிழமை லீவுன்னாங்க, இப்பவும் அப்படித்தானா?

கடற்கரை வீதில விடியக்காலை 5 மணிக்கு ரெண்டு பேர் தனியா நடக்கலாமா, லைட் இருக்குமா, இது மட்டும் சமீபத்துல போனவங்க கண்டிப்பா சொல்லுங்க.