அவசரம்: ஈரிஏ ஓகே ஆகிவிட்டது, ஆனால் செக்-இன் செய்ய விடுகுதில்லை

டோர்ட்முண்ட்_தம்பி | வியாழன் இரவு 9.12
வணக்கம் உறவுகளே. சனிக்கிழமை லண்டனில் மச்சாளின் மகளுக்குச் சாமத்தியவீடு (பூப்புனித விழா). நாளைப் பின்னேரம் பிளைட். நாலு பேருக்கும் பிரிட்டன் போகிற இணையப் பயண அனுமதி, அதுதான் ஈரிஏ, போட்டு, நாலும் ஓகே என்று மெயிலும் வந்துவிட்டது. இப்போது ஒன்லைனில் செக்-இன் செய்தால் மூன்று பேருக்கு போர்டிங் பாஸ் வருகிறது. ஒருவருக்கு மட்டும் 'பயண அனுமதி காணப்படவில்லை' என்று சிவப்பில் காட்டுகிறது. பத்துத் தரம் செய்து பார்த்துவிட்டேன். எல்லா விவரமும் சரியாகத்தான் கொடுத்தேன். தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

லூயிசம்_ராணி | 9.20
அந்த ஒருவர் யார்? என்ன பாஸ்போர்ட்? அதைச் சொல்லாமல் என்னவென்று சொல்வது? மாமியை இலங்கைப் பாஸ்போர்ட்டில் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்றால் கதையே வேறு. ஜேர்மனியில் நிரந்தர வதிவிட அட்டை இருந்தாலும் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு முழு விசா எடுக்க வேண்டும். அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பாஸுக்கும் அப்படித்தான். என் பெரியம்மாவை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள், பலகாரப் பெட்டியோடு.

வேளச்சேரி_வேலு | 9.24
ஈரிஏன்னா ஈடிஏ தானே? முதல்ல ஏதோ ஈரல் சம்பந்தப்பட்ட டெஸ்ட்னு நினைச்சுட்டேன். அப்படியே ஒரு சந்தேகம், இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு இது கிடைக்குமா?

ஹாரோ_சிவா | 9.27
தம்பி, பயப்படாதீர். இது விமானக் கம்பெனியின் கணினி செய்கிற கூத்து. நேரே எயார்போர்ட்டுக்குப் போய் கவுண்டரில் சிரித்துக் கதைத்தால் போதும். 2025 ஓகஸ்டில் என் தம்பி குடும்பம் பிராங்போர்ட்டிலிருந்து வந்தது. ஒரு ஈரிஏயும் எடுக்கவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

பழையகாகம் | 9.35
இதே கேள்விக்கு இந்தப் பகுதியில் குறைந்தது நாற்பது இழை இருக்கும். தேடுவதற்கு ஒரு பெட்டி மேலே வைத்திருக்கிறார்கள், அலங்காரத்துக்கு அல்ல. பரவாயில்லை.

சிவா, உங்கள் தம்பியின் கதை பழைய கதை. ஐரோப்பியப் பாஸ்போர்ட்காரருக்கு ஈரிஏ 2025 ஏப்ரல் 2இல் கட்டாயமானது. ஆனால் பத்து மாதத்துக்கு மேல் கண்டும் காணாமல் விட்டார்கள். 2026 பெப்ரவரி 25 முதல் அந்தத் தயவு இல்லை. அனுமதி கணினியில் தெரியாவிட்டால் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். கவுண்டரில் இருக்கிற பிள்ளையிடம் எவ்வளவு சிரித்தாலும் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. அவளுடைய திரையில் பச்சை வந்தால்தான் பெட்டியை வாங்குவாள்.

வேலு, கிடைக்காது. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு விசாதான். விசா வேண்டாத நாட்டுக்காரருக்குத்தான் ஈரிஏ.

தம்பி, ராணி கேட்டதற்குப் பதில் சொல்லும்.

டோர்ட்முண்ட்_தம்பி | 9.41
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதவில்லை. மனைவிக்குத்தான் வருகுதில்லை. நாலு பேரும் ஜேர்மன் பாஸ்போர்ட். இரண்டு பிள்ளைகள், 6 வயதும் 11 வயதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நானே இருந்து நிரப்பினேன்.

கிள்ளான்_கவி | 9.49
அண்ணா, அக்காவுடைய பாஸ்போர்ட் புதுசா? ஈடிஏ எடுத்த பிறகு மாற்றினீர்களா? எங்களுக்கு மலேசியாவில் 2025 ஜனவரி 8லேயே இது வந்துவிட்டது. என் அண்ணி இரண்டு வருடத்துக்குச் செல்லும் என்று நம்பி இருந்தார். இடையில் பாஸ்போர்ட் முடிந்து புதுசு எடுத்தார். பழைய பாஸ்போர்ட்டோடு அனுமதியும் போய்விடும் என்பது கோலாலம்பூர் விமான நிலையக் கவுண்டரில்தான் தெரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து போனில் புதுசாகப் போட்டார். நல்ல வேளை, பத்து நிமிடத்தில் வந்தது.

லூயிசம்_ராணி | 9.52
எனக்கென்னவோ இது பெயர்ப் பிரச்சினை. எங்கட ஆட்களுக்கு எப்போதும் பெயரில்தான் இடி விழும். அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கும், கலியாணத்துக்குப் பிறகு கணவரின் பெயர், அதற்குள் ஒரு இடைவெளி விட்டோ விடாமலோ. தம்பி, டிக்கெட்டில் எப்படி இருக்கிறது, பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறது? எழுத்தெழுத்தாகப் பாரும்.

டோர்ட்முண்ட்_தம்பி | 9.58
பாஸ்போர்ட் 2022இல் எடுத்தது, மாற்றவில்லை. பெயர் இரண்டிலும் ஒன்றுதான். இப்போதும் வைத்துப் பார்த்தேன்.

பழையகாகம் | 10.03
ஓகே என்று வந்த மெயில் யாரிடமிருந்து வந்தது? அதில் உள்ள பாஸ்போர்ட் இலக்கத்தைப் பார்த்தீரா? இங்கே போட வேண்டாம், நீரே பாரும்.

டோர்ட்முண்ட்_தம்பி | 10.09
மெயில் நான் பதிந்த தளத்திலிருந்து வந்தது. கூகுளில் தேடும்போது முதலாவதாக வந்த தளம். பிரிட்டன் கொடியெல்லாம் இருந்தது. ஆளுக்கு 79 யூரோ. இலக்கம் நான் கொடுத்ததுதான் அப்படியே இருக்கிறது.

லூயிசம்_ராணி | 10.11
ஐயோ தம்பி!

பழையகாகம் | 10.14
இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். அது அரசாங்கத் தளமே இல்லை, இடைத்தரகன். அரசாங்கக் கட்டணம் இதில் ஒரு சின்னப் பங்குதான். நீர் நாலு பேருக்கும் கொடுத்தது 316 யூரோ. மிச்சத்துக்கு மச்சாளின் பிள்ளைக்கு ஒரு மோதிரம் செய்து போட்டிருக்கலாம்.

கவ்.யூகே என்று முடிகிற முகவரி, இல்லாவிட்டால் யூகே ஈடிஏ என்ற அவர்களுடைய செயலி. இரண்டே வழி. தேடலில் மேலே வருவது விளம்பரம் என்று எத்தனை தரம் எழுதுவது?

ஹாரோ_சிவா | 10.19
காகம், பாவம் பொடியன் பதறிக்கொண்டு நிற்கிறான், நீர் மோதிரக் கணக்குப் பார்க்கிறீர். அதோடு ஒன்று கேட்கிறேன். என் அண்ணாவின் மகன் லண்டனில் பிறந்தவன், வளர்ந்தது ஜேர்மனியில். கையில் இருப்பது ஜேர்மன் பாஸ்போர்ட் மட்டும். அவனும் இந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டுமா? பிறந்த நாட்டுக்கு வர அனுமதியா?

பழையகாகம் | 10.26
அவன் பிரிட்டிஷ் பிரஜை என்றால் கட்ட வேண்டியதில்லை, கட்டவும் முடியாது. பிரஜைக்கு ஈரிஏ கிடையாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வர வேண்டும், இல்லாவிட்டால் பல நூறு பவுண் கட்டி உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். ஜேர்மன் பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினால் இனி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

ஹாரோ_சிவா | 10.29
லண்டனில் பிறந்தவன் பிரிட்டிஷ்தானே! அதிலென்ன 'என்றால்'?

பழையகாகம் | 10.33
1983 ஜனவரி 1 முதல் அங்கே பிறந்தது மட்டும் போதாது. பிறந்த நேரம் தாய் தகப்பனில் ஒருவராவது பிரஜையாகவோ அங்கே நிரந்தர வதிவிடத்தோடோ இருந்திருக்க வேண்டும். உங்கள் அண்ணாவும் அண்ணியும் அந்த நேரம் அகதி வழக்கு முடியாமல் இருந்தவர்கள் என்றால் மகன் பிறப்பால் பிரஜை இல்லை. அப்போது ஈரிஏ எடுக்கலாம்.

ஹாரோ_சிவா | 10.36
என் அண்ணாவின் வழக்கைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?

லூயிசம்_ராணி | 10.38
இரண்டு பேரும் வேறு இழை திறந்து அடிபடுங்கள். நாளைக்குப் பிளைட் உள்ள ஆள் நடுவில் நிற்கிறார்.

ஸ்டுட்கார்ட்_மாலா | 10.47
இப்போதுதான் வேலை முடிந்து வந்து வாசித்தேன். தம்பி, ஒரு சின்னக் கேள்வி. மனைவியின் பாஸ்போர்ட் இலக்கத்தில் வட்டமாக ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை ஓ என்ற எழுத்தாக அடித்தீரா, பூச்சியமாக அடித்தீரா?

டோர்ட்முண்ட்_தம்பி | 10.52
ஓ எழுத்து ஒன்று இருக்கிறது அக்கா. இரண்டு எழுத்துக்கு நடுவில், கே ஓ ரி என்று வருகிறது. ஓ என்றுதான் அடித்தேன், அப்படித்தானே இருக்கிறது.

ஸ்டுட்கார்ட்_மாலா | 10.58
அது ஓ இல்லை தம்பி, பூச்சியம். ஜேர்மன் பாஸ்போர்ட் இலக்கத்தில் ஓ என்ற எழுத்தே கிடையாது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தையும் விட்டுவிட்டுத்தான் இலக்கம் போடுகிறார்கள். எட்டோடு குழம்புகிற பி, ஐந்தோடு குழம்புகிற எஸ் போன்றவையும் இல்லை. ஆகவே வட்டமாக எதைக் கண்டாலும் பூச்சியம்தான். உமது மனைவியினுடையது இரண்டு எழுத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்ததால் கண் ஏமாந்துவிட்டது. பிள்ளைகளுடையதில் இலக்கங்களுக்கு நடுவில் வந்திருக்கும், அதைத் தன்பாட்டில் பூச்சியமாக அடித்திருப்பீர்.

செக்-இன் செய்யும்போது பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துத்தானே கொடுத்தீர்? அந்தக் கணினி பூச்சியம் என்று சரியாக வாசித்துவிட்டது. அந்த இலக்கத்துக்கு அங்கே அனுமதி இல்லை. நீங்கள் எடுத்த அனுமதி உலகத்திலேயே இல்லாத ஒரு பாஸ்போர்ட்டுக்கு.

2024இல் அமெரிக்காவுக்கு எஸ்டா (அவர்களுடைய ஈரிஏ மாதிரி) போடும்போது நானும் இதே பிழையைத்தான் விட்டேன். 21 டொலர் போச்சு. 2025இல் அது 40 டொலராகியது.

டோர்ட்முண்ட்_தம்பி | 11.01
கடவுளே. திருத்த முடியாதா?

ஸ்டுட்கார்ட்_மாலா | 11.06
ஓகே ஆனதைத் திருத்த முடியாது. மனைவிக்கு மட்டும் புதிதாகப் போடும். செயலியில் போடும், இலக்கத்தைக் கையால் அடிக்க வேண்டாம். போனின் உறையைக் கழற்றிவிட்டு, பாஸ்போர்ட்டை மேசையில் வைத்து, போனை அதன்மேல் மெதுவாக நகர்த்தினால் சிப்பை அதுவே வாசிக்கும். இலக்கம் அதிலிருந்தே வரும். வாசிக்கும் வரை போனைத் தூக்கக் கூடாது, என் மகன் பொறுமையில்லாமல் நாலு தரம் தூக்கினான். முகப் படத்தை மனைவியே வெளிச்சமான இடத்தில் நின்று எடுக்கட்டும்.

மூன்று வேலை நாள் ஆகலாம் என்றுதான் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் கெதியாக வந்துவிடும். ஆனால் உத்தரவாதம் இல்லை, இப்போதே போடும்.

பழையகாகம் | 11.15
மாலா சொல்வது சரி. நானும் அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தேன்.

ஒன்றைச் சேர்க்கிறேன். படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறி நிறைந்த இரண்டு வரி இருக்கிறதே, அந்த எழுத்துருவில் பூச்சியம் ஒடுங்கி நீளமாக இருக்கும், ஓ அகலமாக இருக்கும். இலக்கம் ஒன்பது எழுத்து. அதற்கு அடுத்து நிற்கும் பத்தாவது, சரிபார்ப்பு எண். ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய எண்ணை 7, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் விடையின் கடைசி இலக்கமாக அது வர வேண்டும். ஓ என்று வைத்துக் கணக்கிட்டால் வராது. 79 யூரோ வாங்கிய தளம் இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் தம்பி இங்கே வந்திருக்கவே மாட்டார். சிலர் அந்தப் பத்தாவதையும் இலக்கம் என்று நினைத்துச் சேர்த்து அடிக்கிறார்கள், அதுவும் பிழை.

லூயிசம்_ராணி | 11.17
'நானும் அந்தப் பக்கமாகத்தான்'. சரி காகம், சரி.

வேளச்சேரி_வேலு | 11.20
பூச்சியம்னு எழுதுறீங்களே, நாங்க பூஜ்ஜியம்னு எழுதுவோம். பேச்சுல ஜீரோதான். எங்க தாத்தா சைபர்னு சொல்வார்.

கிள்ளான்_கவி | 11.23
எங்களுக்கு மலாயில் கோசோங். போன் நம்பர் சொன்னாலே கோசோங் ஒன்று இரண்டு என்றுதான் வரும். தேநீர் கடையில் பால் இல்லாத தேநீருக்கும் 'ஓ' என்றுதான் சொல்வோம், தே ஓ. அதிலும் சீனி போடாவிட்டால் தே ஓ கோசோங். பாஸ்போர்ட்டில் ஓவும் கோசோங்கும் சேர்ந்து குழப்பும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஹாரோ_சிவா | 11.31
இதெல்லாம் வசூல், வேறொன்றுமில்லை. ஒரு குடும்பம் சாமத்தியவீட்டுக்கு வர ஆளாளுக்குக் கட்டணம். ஐரோப்பாவில் இருக்கிற சனமெல்லாம் வாழ்விலும் சாவிலும் லண்டனுக்குத்தான் வருகுது. எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

பழையகாகம் | 11.36
கவலைப்படாதீர், உமது முறையும் வருகிறது. ஐரோப்பாவும் ஈத்தியாஸ் என்று இதே மாதிரி ஒரு அனுமதி கொண்டுவருகிறது, 2026 கடைசியில் தொடங்கும் என்று சொன்னார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர் பாரிஸுக்கு மரக்கறி வாங்கப் போனாலும் 20 யூரோ. முதலில் 7 யூரோ என்றுதான் சொன்னார்கள்.

ஹாரோ_சிவா | 11.38
நான் பாரிஸுக்கு மரக்கறி வாங்கப் போவதில்லை. வெம்பிளி ஈலிங் ரோட்டிலேயே எல்லாம் கிடைக்கும்.

லூயிசம்_ராணி | 11.40
பாரிஸ் லா சப்பலில் முருங்கைக்காய் மலிவு. சரி, தம்பி எங்கே?

ஸ்டுட்கார்ட்_மாலா | வெள்ளி காலை 7.10
தம்பி, போட்டீரா? வந்ததா?

கிள்ளான்_கவி | வெள்ளி காலை 9.02
அண்ணா?

ஹாரோ_சிவா | வெள்ளி மதியம் 1.15
எயார்போர்ட்டுக்கு வெளிக்கிட்டிருப்பார். கவுண்டரில் சிரிக்கச் சொல்லித்தான் நான் முதலே சொன்னேன்.

டோர்ட்முண்ட்_தம்பி | ஞாயிறு இரவு 10.48
மன்னிக்கவும், இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். வியாழன் இரவே செயலியில் போட்டேன். மனைவி பல் தீட்டிவிட்டு வருவதற்கு முதலே மெயில் வந்துவிட்டது. செக்-இன் உடனே விட்டது. பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் பார்த்தேன், மூத்தவனுடையதில் 40 என்று வருகிறது, அதைச் சரியாகத்தான் அடித்திருக்கிறேன். மாலா அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி. களைப்பு, பேந்து எழுதுகிறேன்.

ஸ்டுட்கார்ட்_மாலா | ஞாயிறு இரவு 10.55
சந்தோஷம் தம்பி.

லூயிசம்_ராணி | ஞாயிறு இரவு 11.03
அந்த 79 யூரோவைத் திருப்பிக் கேட்டீரா? வங்கி அட்டையால் கட்டினீரா? சாமத்தியவீடு எந்த மண்டபத்தில்? நானும் சனிக்கிழமை ஒன்றுக்குப் போனேன், ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பம் பந்தியில் எனக்கு எதிரில் இருந்தது.